நண்பன் என்று எழுதியிருந்தது

வெள்ளியங்கிரிக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பனியன் கம்பெனி இங்கிலீஷ். சிப்மெண்ட், அப்ரூவல், அர்ஜெண்ட், டிலே. எட்டாவதோடு படிப்பை விட்டு, சாமளாபுரத்தில் தறி ஓட்டி, திருப்பூருக்கு வந்து பீஸ் மடித்து, செக்கிங் பார்த்து, கடைசியில் மங்கலம் ரோட்டில் குழந்தைகள் டீ-சர்ட் தைக்கும் சிறிய யூனிட் ஒன்று போட்டார். பங்குதாரர் அந்தோணிராஜ், சாத்தான்குளத்துக்காரர். இருவரும் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். பங்குதாரர் ஆன பிறகும் வெள்ளியங்கிரி அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். ஷட்டர் பூட்டுக்கு இரண்டு சாவி, ஆளுக்கு ஒன்று. காலையில் திறப்பது மாஸ்டர். துணிக்குச் சாயம் போடும் டையிங்குக்குப் போகும்போது பைக் ஓட்டுவதும் அவர். துணி சாம்பிளை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி பின்னால் உட்கார்ந்திருப்பார்.

மெயில் பார்ப்பது ஆபீஸ் வேலைக்கு இருந்த அனுசுயா. வந்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைப்பாள். அதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் போட்டிருப்பாள்: கிடைத்தது, நன்றி, விரைவில் தெரிவிக்கிறோம். பதில் தாமதமானால் ஆர்டர் கொடுக்கும் பையர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான் என்று சொல்லிக்கொடுத்தவர் வெள்ளியங்கிரி. படித்துவிட்டுப் போடு என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

2007 மழைக்காலத்தில் ஒரு காலை, பிரிண்ட் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, இதுல ஆர்டர் நம்பரே இல்லியே. என்ன கேக்கறான்?"

அனுசுயா வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், உங்களக் கொல்லச் சொல்லி ஒருத்தர் இவருக்குப் பணம் குடுத்திருக்காராம்."

"ஆரு?"

"நீங்க நண்பன்னு நெனைக்கிற ஒருத்தர்னு போட்டிருக்கு. அஞ்சாயிரம் டாலர் அனுப்பினா பேரச் சொல்லிட்டு உங்கள விட்டுடுவாராம். போலீசுக்கும் கூட இருக்கறவங்களுக்கும் சொல்லக்கூடாதாம்."

"எம் பேரு போட்டிருக்கானா?"

"இல்ல சார். அன்பு நண்பரேன்னு இருக்கு."

"சாவடிக்க வர்றவனோட மருவாதியப் பாரு" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "நான் பதில் போட்டுட்டேன் சார்."

"என்னன்னு?"

"கிடைச்சது, நன்றின்னு."

அடுத்த மெயிலில் வெள்ளியங்கிரியின் பெயர் இருந்தது. யூனிட்டின் பெயர், கதவு எண், மங்கலம் ரோடு, போன் நம்பர் எல்லாம் இருந்தன. உன் போனில் நீ பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தது. வெள்ளியங்கிரி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"மாஸ்டர்கிட்டச் சொல்லிப் போடாத."

நண்பன் என்று யோசித்தால் அவருக்கு ஒரே ஆள்தான் இருந்தார்.

போன் வந்தால் மாஸ்டர் வெளியே போய்ப் பேசினார். உள்ளே மிஷின் சத்தத்தில் கேட்காது என்பது தெரிந்ததுதான். எப்போதும் அப்படித்தான் பேசினாரா என்பது நினைவில் இல்லை. மாஸ்டர் ஊற்றிக்கொடுத்த டீ மேஜையில் ஆடை கட்டியது. எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டதை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார். டையிங்குக்குப் புறப்பட்டபோது, "நீங்க முன்னால போங்க, எனக்கு இடுப்பு வலி" என்று சொல்லிப் பஸ் ஏறினார். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மாஸ்டர் ஒரு இடத்தில் பைக்கை நிறுத்தித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் மாதா கோயிலில் இருக்கும் நேரத்தில் வெள்ளியங்கிரி ஷட்டருக்குப் புதுப் பூட்டு போட்டார். இரண்டு சாவியும் அவர் பையில்.

திங்கள் காலை மாஸ்டர் பழைய சாவியோடு ஷட்டர் முன் நின்றார். அவருக்குப் பின்னால் டெய்லர்கள், டிபன் பையோடு. வெள்ளியங்கிரி வந்து பூட்டைத் திறந்தார்.

"பூட்டு புதுசா இருக்கே அண்ணாச்சி."

"பழசு துருப்புடிச்சுப் போச்சுங்க."

உள்ளே போனதும் மாஸ்டர் கட்டிங் அறைக் கதவைச் சாத்தினார். வெள்ளியங்கிரி ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

"பங்கப் பிரிக்கணும்னா நேராச் சொல்லிருங்க. டெய்லருங்க முன்னால களவாணி மாதிரி நிக்க வச்சிட்டியள."

வெள்ளியங்கிரி இரண்டு தாள்களையும் கட்டிங் டேபிளில் வைத்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

மாஸ்டர் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். இரண்டாவது தாளில் விரல் நின்றது.

"இது யாரு நம்பரு?"

"நம்முளுதுதான்."

"பழைய கட்டடத்து நம்பரு அண்ணாச்சி. சரண்டர் பண்ணிட்டுத்தான இங்க வந்தோம். செத்த போன்ல எதக் கேக்கான் இவன்?" கதவைத் திறந்து கூப்பிட்டார். "எம்மா அனுசுயா, இந்த நம்பர் எங்கயாவது கெடக்கா?"

அவள் கம்ப்யூட்டரில் தன் பதிலைக் காட்டினாள். நன்றிக்குக் கீழே வெள்ளியங்கிரியின் பெயர், யூனிட்டின் பெயர், கதவு எண், ரோடு, பழைய போன் நம்பர். அவளுக்கு முன்பு இருந்த பையன் போட்டு வைத்தது; இடம் மாறியபோது முகவரியை மட்டும் மாற்றியிருந்தான். எல்லாப் பதிலுக்கும் அடியில் தானாகவே வந்துவிடும்.

"மொத மெயில்ல அவனுக்கு உங்க பேரே தெரியல" என்றார் மாஸ்டர். "நாமதான் எழுதிக் குடுத்திருக்கோம். நன்றி வேற."

வெள்ளியங்கிரி சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அப்ப என்னையத்தான் நெனச்சிருந்தியளா?"

"வேற ஆரு இருக்கறாங்க எனக்கு?" என்றார் வெள்ளியங்கிரி.

அன்றே இருவரும் தாள்களோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள். பணம் அனுப்பவில்லை என்றதும் அங்கிருந்தவர் தலையாட்டினார். இனிப் பதில் போடக் கூடாது, மெயிலை அழிக்கவும் கூடாது என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குதா?"

மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றார் வெள்ளியங்கிரி. கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.

அதன் பிறகும் மிரட்டி மெயில் வந்தது. அனுசுயா பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தாள், பதில் போடவில்லை. கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. பதிலுக்கு அடியில் வரும் பழைய நம்பரையும் எடுத்துவிட்டாள்.

ஸ்டேஷனிலிருந்து வந்ததும் வெள்ளியங்கிரி இரண்டாவது சாவியை மாஸ்டர் கையில் கொடுத்தார். மாஸ்டர் அதை ஆபீஸ் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அது அங்கேயே இருக்கிறது. டையிங்குக்கு இருவரும் ஒரே பைக்கில்தான் போகிறார்கள். காலையில் மட்டும் மாஸ்டர் எதிர் பேக்கரியில் டீயோடு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளியங்கிரி வந்து ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் ரோட்டைக் கடக்கிறார்.