நல்ல மழை

போன வாரம் எங்கள் ஊரில் மழை பெய்தது. சாணார்பட்டிப் பக்கம் மழை என்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். பிள்ளைகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். பெரிய ஆட்கள் கையை நீட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் உள்ளே இருந்தேன். "கொடியில உங்க துண்டு நனையுது, எடுங்க" என்று வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கத்தினாள். எடுக்கப் போகவில்லை. பழைய நீலத் துண்டு. ஓரமெல்லாம் நூல் பிரிந்தது. அது நனைவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். மழை பெய்யும்போது நான் வெளியே வருவதில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு அவளும் ஓய்ந்துவிட்டாள்.

நான் வேன் ஓட்டுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கல்யாண சவாரி, மாங்காய் லோடு, எது வந்தாலும் போவேன். ஒரு சமயம் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே மழைக்காட்டுக்குள் ஓர் ஆறு. ஆற்றில் முதலைகள். பிடித்து, அளந்து, திரும்ப ஆற்றில் விடவேண்டும். அதுதான் அவர்கள் படிப்பு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண் ஒருத்திதான் எல்லோரையும் நடத்தினாள். தொப்பம்பட்டிக்காரி. ஒல்லியான பிள்ளை. நான் தங்கச்சி என்பேன். அவள் அண்ணா என்பாள்.

ஆற்றங்கரையில் இரும்புக் கூண்டைப் பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே இருக்கிற மாதிரி வைத்து, மரத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். உள்ளே கோழி தொங்கும். முதலை நுழைந்தால் கதவு விழும். அப்புறம் கயிறு போட்டு இழுத்து, வாயைச் சைக்கிள் டியூபால் கட்டி, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கவேண்டும். முதல் தடவை நான் தள்ளித்தான் நின்றேன். அந்தப் பிள்ளை முதலையின் கழுத்தில் உட்கார்ந்தபடியே கையை என் பக்கம் நீட்டியது.

"அண்ணா, துண்டக் குடுங்க. கண்ண மூடோணும். கண்ணு தெரியலீன்னா அமைதியாயிருமுங்க."

"புதுத் துண்டு தங்கச்சி. திருப்பித் தருவியா?"

"முதலை திருப்பிக் குடுத்தா நானுங் குடுத்தர்றேன். வந்து வால்ல உக்காருங்க. வேன் ஓட்டற கைதானுங்களே, புடிக்கத் தெரியாதா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன். துண்டை ஆற்றில் நனைத்துக் கண்ணில் போட்டதும் அது அடங்கியது. எனக்குக் கீழே அதன் மூச்சு ஏறி இறங்கியது. பெரிய உசுரு ஒன்று நம்மைத் தூக்கித் தூக்கி வைக்கிற மாதிரி இருந்தது. அப்படி ஒரு நிலையில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. விடும்போதும் வரிசை உண்டு. அவள் சொல்லாமல் யாரும் எழுந்திரிக்கக் கூடாது. கழுத்தில் இருக்கிற அவள்தான் கடைசி.

அவள் தேடியது வேறொன்று. பெரிய பெட்டை முதலை. அதன் முதுகில் ஒரு கருவியைக் கட்டிவிட்டால் எங்கே போகிறது, எங்கே முட்டையிடுகிறது என்று தெரியுமாம். "எம் படிப்பு மொத்தமும் அவ மேலதான் நிக்குதுங்கண்ணா" என்பாள். ஒரு மத்தியானம் அதற்காகக் கூண்டு வைத்தோம். எங்களோடு இருந்த வனக் காவலர் வேலையாகக் கீழே போயிருந்தார். சாயங்காலம் வேனில் போய்க் கூண்டைப் பார்த்து வருவதாகப் பேச்சு.

சாயங்காலம் மழை பிடித்தது.

அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. வந்த பிள்ளைகளும் எங்கள் சீமைக்காரர்கள்தான். குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்று வளர்ந்தவர்கள். தங்கியிருந்த கொட்டகையிலிருந்து முதலில் ஒருவன் மழையில் இறங்கினான். அப்புறம் எல்லோரும். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அந்தப் பிள்ளை மட்டும் கொட்டகை ஓரத்தில் நின்று, "கூண்ட ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?" என்று கேட்டாள். எல்லோர் காதிலும் விழுந்தது. வேன் சாவி என் மடியில் இருந்தது. ஒருவரும் மழையை விட்டு ஏறவில்லை. செத்த நேரம் நின்றாள். அப்புறம் அவளும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஆடினோம். ஆம்பளை, பொம்பளை, டிரைவர் என்றில்லாமல் ஆடினோம். எங்கள் ஊரில் ஒரு மழைக்கு மண்ணே முழுசாக நனையாது. மழை பெய்தால் ஆறு ஏறும் என்பது எங்கள் யார் புத்தியிலும் எட்டவில்லை. அவளுக்கு மட்டும் லேசாக எட்டியிருந்தது. அதையும் எங்கள் ஆட்டம் அழித்துவிட்டது.

காலையில் போனபோது கூண்டைக் காணோம். மரத்தில் கட்டிய கயிறு மட்டும் செம்மண் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். உள்ளே அவள் தேடிய பெட்டை இருந்தது. முதலை தண்ணீரில் கிடக்கிற ஜீவன்தான். ஆனாலும் மூச்சு வாங்க மேலே வரவேண்டும். அதன் மூக்கு மேல்கம்பியில் பதிந்திருந்தது. 

அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள். "அண்ணா, துண்டு." கொடுத்தேன். ஆற்றில் நனைத்து, அதன் கண்ணை மூடினாள். ஓரங்களை நன்றாகச் செருகினாள். அப்புறம்தான் தான் செய்ததைப் பார்த்தாள். ஒரு பையன் அழ ஆரம்பித்தான். அவள் அழவில்லை. துண்டை எடுக்கவுமில்லை. "அளந்தர்லாம்" என்றாள். வழக்கமான இடத்தில் வழக்கம்போல உட்கார்ந்தோம். நான் வாலில். கீழே எதுவும் ஏறி இறங்கவில்லை.

காவலர் வந்தார். "ஆத்துல தள்ளிவிட்டுப் போங்கப்பா. முதலைக்குச் சாவே கிடையாதா? ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம். தள்ளிவிடலாம் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. "ஆபீசுக்குப் போலாமுங்க" என்றாள்.

வனத்துறை ஆபீசில் இருந்த அதிகாரி நல்ல மனுசன். "மழையில போக முடியலன்னு எழுதிக் குடும்மா. முடிஞ்சுபோகும்" என்றார். "போயிருக்கலாமுங்க சார். மழைல ஆடிட்டு இருந்தோம்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "ஆடிட்டு இருந்தீங்களா?" என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த வார்த்தை அந்த அறையில் கிடந்தது. நான் என் காலைப் பார்த்தேன். விரல் இடுக்கில் நேற்றைய சேறு காய்ந்திருந்தது. அனுமதி ரத்து. அன்றைக்கே இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

மலையை விட்டு இறங்கினால் வெயில். புழுதி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். மேலிருந்து வருகிற வண்டியைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எவரும் கேட்கிறதைத்தான் டீ ஆற்றுகிறவரும் கேட்டார்.

"மேல மழை உண்டா அப்பு?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். "பெஞ்சுச்சு" என்றேன்.

"நல்ல மழையா?"

"நல்ல மழை."

"ம்... குடுத்து வச்ச ஆளுக" என்று கிளாசை நீட்டினார். அவள் வாங்கின டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

திண்டுக்கல்லில் இறங்கும்போது அந்த நீலத் துண்டை மடித்துக் கொடுத்தாள். எங்கேயோ வைத்துத் துவைத்திருந்தாள், சோப்பு வாசம் அடித்தது. முதலை திருப்பிக் கொடுத்தால் கொடுக்கிறேன் என்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். முகம் அப்படித்தான் இருந்தது.

அவள் படிப்பு முடிந்ததா, தெரியாது. நம்பர் போனில் இருக்கிறது. கூப்பிட்டதில்லை. மழையில் நனைவது குற்றமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஜீவன் இருட்டில் மூக்கைத் தூக்கித் தூக்கி இடம் தேடின நேரமும் நான் வேட்டியை மடித்துக்கொண்டு ஆடின நேரமும் ஒன்றுதான். சாவி என் மடியில்தான் இருந்தது. எந்த மழையிலும் அதை என்னால் பிரிக்க முடியவில்லை. 

போன வார மழை விட்டதும் போய்த் துண்டை எடுத்தேன். தண்ணீர் குடித்துக் கனத்தது. பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, "என்னண்ணே, நல்ல மழை!" என்றார்.

"ஆமா" என்றேன். "நல்ல மழை."