கில்னுக்குள் போன கரிப்பை

கில்னை அணைத்துவிடலாம் என்று முதலாளி சொன்ன காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரும்புத்தாதை உருக்காமலே நிலக்கரியோடு சூடாக்கி ஸ்பாஞ்ச் அயர்ன் ஆக்குகிற நீளமான சுழல் உலைதான் கில்ன். கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலையில் நான் ஷிப்ட் இன்சார்ஜ். நிலக்கரியைக் குறைத்தால்தான் இனி சரக்கு எடுப்போம் என்று எங்கள் இரும்பை வாங்குகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நிலக்கரியில் ஒரு பங்குக்குப் பதில் சீமைக்கருவேலங்கரித் தூள் கலந்தோம். வெட்ட வெட்டத் தழைக்கிற மரம். விட்ட புகையை அடுத்த தழைப்பு வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு.

கணக்கு சரிதான், சரக்குதான் சரியில்லை. வெளியே வந்ததில் பெரும்பகுதி காந்தத்தில் ஒட்டவே இல்லை. தாது தாதுவாகவே வந்தது. புகை போகும் அறையிலோ சூடு எகிறியது.

"அண்ணாச்சி, இன்னைக்கும் தேறலைன்னா அணைச்சிருவோம். ஆட்கள்ட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார் முதலாளி. அந்த ஆட்களில் பலரை வேலைக்குக் கூட்டிவந்ததே நான்தான்.

கரி போடும் முனையில் நின்றவர் நர்மதா, சென்னையிலிருந்து புதிதாக வந்த இன்ஜினியர். கரிப்பைகளை அவிழ்த்து வேகமாகக் கொட்டுவதுதான் கோளாறு என்று நினைத்து வாக்கிடாக்கியில் கத்தினேன்: "ஏம்மா, பையப் போடுங்க! பையப் போடுங்க!"

அவர் ஒரு கரிப்பையை அவிழ்க்காமல் அப்படியே உள்ளே தள்ளினார். பின்னாலேயே இன்னொன்று.

ஓடினேன். "என்ன காரியம் பண்ணுதீய? கில்ன் அடைச்சிரும்லா!"

"நீங்கதானே சார் பையைப் போடச் சொன்னீங்க?"

ஃபிட்டர் இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேடம், எங்கூர்ல 'பைய'ன்னா மெதுவான்னு அர்த்தம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நர்மதாவின் முகம் வாடியது, ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. "அப்புறமா திட்டுங்க சார். முதல்ல ரீடிங்கைப் பாருங்க. புகை ரூம்ல சூடு இறங்குது."

பார்த்தேன். இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கரித்தூள் லேசு, எதிரே வரும் கேஸ் அதை உள்ளே விடாமல் வாரிக்கொண்டு போய்ப் புகை அறையில் எரித்திருக்கிறது. பைக்குள் இருந்த கரி மட்டும் தாதுவோடு உள்ளே போனது.

முதலாளியிடம் போய் நின்று அவகாசம் வாங்கினேன். பையாகவே போட்டால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அடைக்கும். அதனால் கேன்டீன் கஞ்சியில் கரித்தூளைப் பிசைந்து உருண்டை பிடித்து, வெயிலில் காயவைத்துப் போட்டோம். வந்த சரக்கை இசக்கி காந்தத்தால் தூக்கினார். கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மேலதிகாரி கத்தும்போதும் கண் மீட்டரில் இருக்கட்டும். நான் கத்திய கத்துக்கு நர்மதா அழுதுகொண்டு போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகாமல் நின்றார். நான் கூட்டிவந்த ஆட்கள் அத்தனை பேரும் இன்று காலையும் ஷிப்டுக்குப் போனார்கள்.