சம்பந்தியின் கொம்பு வண்டி

என் மகன் தன் மாமனாருடைய மோட்டார் சைக்கிளுக்கு உயரமான ஹேண்டில்பார் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதற்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய் ஆயிற்று. இந்தத் தொகையை அவன் என்னிடம் சொல்லவில்லை. மெக்கானிக் கடைக்கு நானே போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன், மகன் செய்த செலவை இப்படி வேவு பார்த்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவது இதைவிட மோசம்.

சம்பந்திக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம். நெல்லும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் பேத்தியையும் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வருவார். செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. மகனும் மருமகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள். சம்பந்தி மதியம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார். போன வருஷம் அவருக்கு முதுகில் டிஸ்க் விலகியது. குனிந்து வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வந்தாலோ குலுக்கலில் வலி இன்னும் கூடியது. பல வாரங்கள் அவர் வரவில்லை. ஞாயிறு காலையில் மருமகள் தெருப்பக்கம் எட்டிப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு அவர் வந்தார். வாசலில் நின்றிருந்த என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. சம்பந்தி குதிரை மேல வர்ற மாதிரி வராரு."

உண்மைதான். தோள் நிமிர்ந்து, முழங்கை தளர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போல வந்தார். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் மேலே எழும்பிப் பின்னால் வளைந்து அவர் கைக்கு எட்டும் இடத்தில் நின்றது. அதில் ஒரு பை மல்லாட்டை தொங்கியது. பேத்தி ஓடிப் போனாள்.

"தாத்தா, உன் வண்டிக்குக் கொம்பு மொளச்சிடுச்சு!"

"ஆமாம் கண்ணு. வைக்கோல் போட்டு வளத்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"மாப்ள தாங்க பண்ணி வச்சாரு. நான் வாணாம் வாணாம்னு தான் சொன்னேன். எவ்ளோனு கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றாரு."

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ கசந்தது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவர்தான் கொடுப்பார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீர் வரும். கல்யாணத்தின்போது, சீரெல்லாம் எதற்கு என்று நான் பெருந்தன்மையாகப் பேசியிருந்தேன். ஆனால் வருஷா வருஷம் வந்த வேட்டியின் கரை எத்தனை விரல் அகலம் என்று கவனிக்கத் தவறியதில்லை. இப்போது என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு பொருள் போயிருந்தது. அதுவும் என் மகன் சம்பாத்தியத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

எனக்கும் முதுகு உண்டு. வேலையில் இருந்த காலமெல்லாம் குனிந்து வண்டி ஓட்டித்தான் கல்லூரிக்குப் போனேன். இப்போது மார்க்கெட் வரை போய்த் திரும்பினாலே மணிக்கட்டு மரத்துப் போகிறது. வீட்டுக்கு வந்து கையை உதறிக்கொள்வேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். மாமனார் முதுகு தெரிகிற கண்ணுக்கு அப்பன் கை தெரியவில்லையே என்று அன்று முழுக்க மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் போனேன். ஆள் கலகலப்பானவர். என்னைப் பார்த்ததும், "சார் பையன் வாங்கிக் குடுத்தது எப்படி இருக்குதாம்?" என்றார். நான் விலையைக் கேட்டேன்.

"ஹேண்டில்பாரு வெல கம்மி தான் சார். ஆனா பாரைத் தூக்குனா, அதோட வர்ற எல்லாத்தையும் நீட்டணும்ல? கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் கேபிள், வயரு. அப்புறம் கூலி. செலவு ஜாஸ்தியாவுறதே அங்க தான்."

"எனக்கும் ஒண்ணு போடு. பார் மட்டும் போதும்."

"பழைய கேபிள் எட்டுமானு பாக்கணும் சார்."

"எட்டும். எட்ட வை."

"நீங்க சொல்றீங்க, நான் போடுறேன். எங்கயாவது இழுத்துச்சுன்னா உடனே எடுத்துக்கிட்டு வந்துடுங்க. வம்பு பண்ணாதீங்க."

ஆயிரத்து நூறு ரூபாயில் வேலை முடிந்தது. மீதிக்கு என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. ஓய்வூதியம் வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொல்வதற்கு எனக்கு ஒரு சின்னத் தொகை வேண்டியிருந்தது.

வீடு வரை வண்டி சுகமாக இருந்தது. முதுகு நிமிர்ந்தது, கை மரக்கவில்லை. இந்தச் சுகத்தையா அந்த மனுஷர் எனக்கு முன்னால் அனுபவித்தார் என்று அதிலும் ஒரு பொறாமை. கேட்டுக்குள் நுழைய ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாக ஒடித்தேன். நான் முறுக்காமலே எஞ்சின் உறுமியது. நேராக்கினேன், அடங்கியது. மறுபடி ஒடித்துப் பார்த்தேன், மறுபடி உறுமியது. கேபிள் எட்டவில்லை, ஒடிக்கும்போது இழுபடுகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பப் போனால் மகன் கொடுத்த மூவாயிரத்து அறுநூறு நியாயம்தான் என்று ஆகிவிடும். அவ்வளவு ஒடித்து யார் ஓட்டுகிறார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் வரும்வரை பொறுத்திருந்தேன்.

"உங்க கொம்புக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டீங்களே சம்பந்தி. மூவாயிரத்து அறுநூறு குடுத்திருக்கான் உங்க மாப்பிள்ளை. நானும் போட்டிருக்கேன், அதே பார், அதே உயரம். ஆயிரத்து நூறு தான். இவனை நல்லா ஏமாத்தி அனுப்பியிருக்காங்க."

"அப்பா" என்றான் மகன். அவ்வளவுதான் சொன்னான்.

சம்பந்தியின் கை ரசச்சோற்றிலேயே நின்றுவிட்டது. "அவ்ளோவா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டதெல்லாம் தட்டைக் காலி செய்வதற்காகச் சாப்பிட்டதுதான். மோர் வேண்டாம் என்றுவிட்டார். இதைப் பார்த்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. வேறு சொல் போட்டு அதை மறைக்க விரும்பவில்லை.

கை கழுவியதும் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"என் வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. உங்க வண்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் இருந்தா சொல்லுங்க."

"எதுக்குங்க? நீங்க சொன்னா சரியாத் தான் இருக்கும்."

"என்ன, பயமா?"

அவர் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கினார். பெண் கொடுத்தவர் பிள்ளை வீட்டுக்காரரிடம் இரண்டாவது தடவை மறுக்க மாட்டார். சாவியை நீட்டும்போதே அது எனக்குத் தெரியும்.

எஞ்சின் உறுமியது நினைவிருந்ததா என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். இருந்தது. 'இடப்பக்கம் முழுசா ஒடிக்காதீங்க' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கு வரை வந்தது. மகன் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை. சம்பந்தி விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் தோற்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். அவர் விழுந்ததற்கு அது போதுமானதாக இருந்தது.

தெருமுனையில் எங்களைப் பார்த்துத் திரும்புவதற்காக அவர் ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாக ஒடித்தார். வண்டி எகிறிப் போய்க் கால்வாய்ச் சுவரில் மோதியது. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மகன், எப்படி ஆயிற்று என்று கேட்டான். வலியில் அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஆக்சிலேட்டரை ஜாஸ்தியா முறுக்கிட்டேன் மாப்ள. கை பழகாத வண்டி. சம்பந்தி மேல ஒண்ணும் இல்ல."

என்மேல் குற்றம் என்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

என் வண்டியைச் சரிசெய்ய மகன்தான் எடுத்துப்போனான். திரும்பி வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றான்.

"கேபிள் மாத்தலையாப்பா?"

நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"மொதல்ல உங்களைத் தான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? உங்களுக்கும் மாமாவுக்கும் ரெண்டு வண்டிக்கும் சேத்துப் போட்டுடலாம், நீங்க கைய உதறிக்கிட்டே இருக்கீங்கன்னு சொன்னேன். 'நான் என்ன கெழவனா, அதெல்லாம் வேணாம்'னு சொல்லிட்டீங்க. பேப்பர்லேர்ந்து தலையக் கூட தூக்கல."

நினைவு வந்தது. இதே நாற்காலிதான். அவன் என் கையைப் பார்த்திருந்தான். நான்தான் அவனைப் பார்க்கவில்லை. பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். அதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். சம்பந்தியின் வண்டி மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. கொம்பு இரண்டும் சாக்குக்கு வெளியே தெரிந்தன. மாவுக்கட்டுக் கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம், எஞ்சின் உறுமியதையும் நான் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒடிக்கும்போதே தெரிஞ்சிதுங்க, கேபிள் இழுக்குதுனு. அதுக்குள்ள சொவுத்து மேல ஏறிடுச்சு."

"அப்ப ஏன் ஆஸ்பத்திரியில அப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னானு சொல்றது? சம்பந்தி கோளாறு வண்டியக் குடுத்தாருன்னா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எம் பொண்ணு காதுல மட்டும் போட்டுடாதீங்க. அது உங்க வூட்ல வாழுற பொண்ணு. மனசுல ஒண்ண வச்சிக்கினு உங்களுக்கு எப்படி சோறு போடும்?"

அவர் கேட்டுக்கொண்டபடி சில மாதங்கள் சொல்லாமல் இருந்தேன். அவள் தட்டு வைக்கும்போதெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டதை மீறினேன். சரியா தப்பா என்று இன்றும் தெரியவில்லை. அவள் கை நிற்கவில்லை.

"எங்கப்பா நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து வண்டி ஓட்றாரு மாமா. ஜாஸ்தியா முறுக்கிட்டேன்னு சொன்னப்பவே நான் நம்பல."

கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினாள். எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "உங்க வண்டிக்குக் கேபிள் மாத்திடுங்க. பாப்பா அதுல ஏறுவா."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கம்போல் தட்டு வைக்கிறாள். அந்த நேரத்தில் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

விழுந்த வண்டியில் மகன் வளைந்த பாரை மட்டும் நிமிர்த்திக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மிச்சத்தை எனக்கே விட்டிருந்தான். மருமகள் சொன்ன அன்றே போய் எல்லாக் கேபிளையும் மாற்றினேன். கூட்டிப் பார்த்தால் எனக்கும் மகன் கொடுத்த அளவுதான் ஆயிற்று.

சம்பந்திக்கு எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு மடங்கவில்லை. கிளட்சைப் பிடித்தால் விரல் விட்டுவிடுகிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பேத்தியை ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போகிறேன். இறங்கியதும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் தாத்தாவைத் தேடிக் கொட்டகைக்கு ஓடுகிறாள்.

பேட்டரி இறங்காமல் இருக்க அவருடைய கொம்பு வண்டியை நான் கொஞ்ச தூரம் ஓட்டுவேன். அவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். மல்லாட்டைக் கொல்லை ஓரமாகப் பம்ப்செட் வரை போய் வருவோம்.

"சொகமா இருக்குதுங்களா சம்பந்தி?"

"இருக்கு."

"மாப்ள பாத்துப் பாத்துப் போட்டாருங்க. வந்து பக்கத்துலயே நின்னாரு."

அந்தக் குரலில் உள்ள சந்தோஷத்தைக் கேட்கும்போது எனக்கு இப்போதும் சுருக்கென்று இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும். அது போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும்.

பம்ப்செட் அருகே பாதை இடப்பக்கம் ஒடிந்து திரும்புகிறது. நான் ஹேண்டிலை முழுதாக ஒடிக்கிறேன். எஞ்சின் ஒரே சீராக ஓடுகிறது. பின்னால் அவர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். திரும்பி முடிகிற வரைக்கும் அவருடைய நல்ல கை என் தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறது.