பல்லில் கடித்த கையுறை

கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. தை மாதம், காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்தில் திராட்சைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை வரவில்லை. பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டேன். வாய் கோணி வேறு ஏதோ சத்தம்தான் வந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் பக்கவாதம் (மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்து, உடம்பில் ஒரு பக்கம் விளங்காமல் போவது) என்றார்கள். டாக்டர் சின்ன வயது. பாட்டிம்மா, பாட்டிம்மா என்றார். எந்த வழியில் நான் அவருக்குப் பாட்டி என்று கேட்க நாக்குப் புரளவில்லை. புரண்ட அன்று முதலில் அதைத்தான் கேட்டேன்.

பிறகு தேனியிலேயே மகன் வீட்டில் கிடந்தேன். மருமகள் எனக்கு நைட்டி மாட்டினாள். பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டியே பழகிய உடம்பு இது. ஒருநாள் சேலை கட்டிவிடுகிறேன் என்று வந்து, அவள் வழக்கப்படி கொசுவத்தை முன்னால் செருகினாள். அவிழ்க்கச் சொன்னேன்.

"அப்ப நைட்டியிலயே கெடங்க அத்தே" என்று போய்விட்டாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அந்தப் பூப்போட்ட பைக்குள்தான் கிடந்தேன். ஊருக்குக் கொண்டுபோய் விடு என்று மகனிடம் சொன்னேன்.

"தனியா எப்பிடி இருப்ப, ஆத்தா? நீயாச் சேலை கட்டிக் காட்டு, அன்னிக்கே கொண்டுபோய் விடுறேன்."

முடியாது என்ற தைரியத்தில் சொன்னான்.

பிசியோதெரபிக்கு (விளங்காத கை காலைப் பயிற்சியால் பழக்குவது) ஒரு பெண் வந்துபோனாள். கால் கொஞ்சம் வந்தது. சுவரைப் பிடித்து நடந்தேன். கை வரவில்லை.

என்னைப் போல விழுந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் ரிமோட்டை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று பாருங்கள். மகன் கிரிக்கெட் பார்த்துவிட்டு என் வலது பக்கம் போட்டுப் போவான். அதன்பின் எது ஓடினாலும் நான் பார்த்துத்தான் தீர வேண்டும்.

மாசியில் பனி விளையாட்டு ஓடியது. பல நாட்டுக்காரர்கள் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்கினார்கள். கை கால் நன்றாக இருக்கிறவர்கள் விழுவதற்கென்றே மலையேறுகிறார்களே என்று வயிறு எரிந்தது. ஆட்டம் புரியவில்லை, உடுப்பைத்தான் பார்த்தேன். ஒரு நாட்டுக்கு மிளகாய்ப் பழச் சிவப்பு, ஒரு நாட்டுக்குப் பச்சைத் திராட்சை நிறம். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் அசிங்கம். ஆனாலும் பார்த்ததும் இன்ன நாட்டார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்தால் நோயாளி என்று மட்டும்தான் தெரியும்.

சிவப்பு உடுப்புக்காரி ஒருத்தி பனியில் ஊன்றுகிற கோல்கள் இரண்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்திருந்தாள். மறு கையில் கையுறை ஏறவில்லை. அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து வெடுக்கென்று இழுத்தாள், ஏறிவிட்டது.

அவளிடம் கற்றேன் என்று சொல்லமாட்டேன். முந்தானையைப் பல்லில் கடிப்பது எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்கு மறந்திருந்தது, அவ்வளவே.

மருமகள் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் பழகினேன். ஒரு நுனி பல்லில். இடுப்பைச் சுவரோடு சேர்த்துத் துணியை நெருக்கிக்கொண்டு, இடது கையால் கொசுவினேன். அவிழ்ந்து விழுந்தது, திரும்பவும் விழுந்தது. நானும் ஒருமுறை விழுந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கட்டி முடித்த அன்று கூடத்தில் போய் நின்றேன். மருமகள் மேலும் கீழும் பார்த்தாள். "கொசுவம் பின்னால இல்லயே அத்தே, வெலாவுலல்ல நிக்குது" என்று சரிசெய்யக் கை நீட்டினாள்.

"தொடாத" என்றேன். "வண்டியக் கொண்டாரச் சொல்லு."

மகன் அன்றைக்கே ஊருக்கு வண்டியை எடுத்தான். கொண்டுவந்து விட்டான்.

முன்பு சேலை கட்டுவதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. இப்போது கட்டத் தொடங்கும்போது தெருமுனைக்கு வருகிற டவுன் பஸ், நான் முந்தானையைச் செருகுவதற்குள் கம்பம் போய்த் திரும்பி வந்துவிடுகிறது. வரட்டும். கடைசியில் வலது கையைத் தூக்கி முந்தானைக்குள் வைத்து மூடுகிறேன். இத்தனை வருசம் எனக்கு உடுத்திவிட்ட கை அது. இப்போது அதற்கும் நான்தான் உடுத்திவிட வேண்டியிருக்கிறது.