கோட்டுக்காரனின் கண்கள்

ஸ்வாதியின் சித்திரக்கதைப் புத்தகங்களைப் படிப்பவர்கள் அவனைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். ஏதோ ஒரு பக்கத்தில், சந்தைக் கூட்டத்திலோ பஸ் ஜன்னலிலோ, கோட்டும் டையும் போட்ட ஒருவன் நின்றிருப்பான். நடக்கும் கதைக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. வாசகர்கள் அவனுக்குக் கோட்டுக்காரன் என்று பெயர் வைத்து, கண்டுபிடித்த பக்கத்தை ஃபோனில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

அவன் அவளுடைய அண்ணன் ஜடையன். மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. காலேஜில் கேலி செய்கிறார்கள் என்று பெயரை ‘ஜே’ என்று சுருக்கிக்கொண்டவன். ஒன்பது வருடங்களுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கால் கழுவக் காவிரியில் இறங்கியவனை ஆறு மறுநாள்தான் திருப்பித் தந்தது. அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. சட்டைப்பையில் இருந்த ஃபோனோடு வீட்டுப் படங்கள் அத்தனையும் போயின. வேலைக்கு மனுப் போட எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று மட்டும் மிஞ்சியது. டைல்ஸ் வேலை செய்யும் அப்பா அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, மாலை போடுவதற்குப் பெரிய படமாகச் செய்து வாங்கி வந்தார். கோட்டும் டையும் ஸ்டூடியோக்காரர்கள் மாட்டிவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஸ்வாதி வரையக் கற்றாள். முதல் புத்தகம் பிரஷ்ஷும் கறுப்பு மையும். பக்கத்தில் முக்கால் பங்கு இருட்டு. இரண்டாவதில் தலைமுடி போன்ற கோடுகள், ஒரு பக்கத்துக்கு முப்பது கட்டங்கள். மூன்றாவதில் கோடும் இல்லை, கட்டமும் இல்லை. உருவங்கள் நிறத்துக்குள் நிறமாகக் கரைந்தன. ஒரே கைதானா என்று ஆச்சரியப்பட்டார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் வளர்கிறாள் என்று எழுதினார்கள்.

அவள் வளரவில்லை, வீடு மாற்றிக்கொண்டிருந்தாள். பாணியை மாற்றினால் அவனுக்கு வழி தெரியாமல் போகும் என்று நினைத்தாள். அவன் ஒவ்வொரு முறையும் விலாசம் கண்டுபிடித்து வந்து, இமைக்காமல் பார்த்தபடி நின்றான். வந்ததுகூடப் பரவாயில்லை. அந்தப் பார்வையில் தங்கையைத் தெரிந்துகொண்ட சாயலே இல்லை. அதுதான் அவளை அரித்தது.

நாலாவது புத்தகத்தை அவனைப் பற்றியே எழுதி முடித்துவிட்டாள், ஒரு முகம் தவிர. கடைசிப் பக்கத்தில் ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஜனங்கள் நிற்கிறார்கள். கையின் பழக்கத்தில் அங்கேயும் ஓரமாக ஒரு கோட்டுக்காரன் வந்துவிட்டான். நடுவில் அண்ணன் திரும்பி அவளைப் பார்க்க வேண்டும். அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

“திங்கக்கெழமை பிரிண்டுக்குப் போகணும் ஸ்வாதி,” என்றான் பெங்களூரிலிருந்து ஃபோனில் பதிப்பாளர் பரத். “ஒரே ஒரு மூஞ்சிதானே தாயி?”

“அவன் என்னைப் பாக்கமாட்டேங்கறான் பரத்.”

“வரையறது நீதானே? பாக்கச் சொல்லு.”

சனிக்கிழமை காலை, முடிந்த பக்கங்களை நகல் எடுக்க அக்ரஹாரத்தில் சுரேந்தரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். வழக்கமான கடையில் கரண்ட் இல்லாததால் இங்கே வந்திருந்தாள். தாள்களை நீட்டியவள் கை அப்படியே நின்றது. மெஷினுக்கு மேலே, மாலைக்குள், கோட்டும் டையுமாக அவளுடைய கோட்டுக்காரன் தொங்கினான்.

“அது... யாருங்க?”

“எங்க சின்னண்ணன் மேடம். கோவிட் டைம்ல போயிட்டாரு.”

“கோட்டு போடுவாரா?”

சுரேந்தர் சிரித்துவிட்டான். “எங்கே! கல்யாணத்துக்கே லுங்கில வந்த ஆளு. கோட்டு ஸ்டூடியோல போட்டது. கண்ணும் அவங்களே வெச்சாங்க.”

“கண்ணா?”

“ஹவுது, ஆமா. எந்த போட்டோ எடுத்தாலும் கண்ணை மூடிடுவாரு. ரேஷன் கார்டுல பாத்தா தூங்கற மாதிரியே இருக்கும். ஸ்டூடியோல ரெடியா ஜோடிக் கண்ணு வெச்சிருக்காங்க, எடுத்து ஒட்டிடுவாங்க.”

நகல் எடுக்காமலேயே திரும்பி வந்தாள். அம்மா மாரியம்மா சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நம்ம வீட்டுப் படத்துல இருக்கறது அண்ணனா?”

மாரியம்மா நிமிரவில்லை. “மோவாய் அவனுதுதான்.”

“கண்ணு?”

“போட்டோ எடுக்கறப்ப மூடிப்போட்டான். தொறந்தாப்பல வெச்சுக் குடுங்கன்னு உங்கப்பாதான் சொன்னாரு.”

“ஒம்போது வருஷமா நான் இந்தக் கண்ணத்தானேம்மா வரையறேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எப்படிச் சொல்றது கண்ணு? வரையறப்பதான் நீ அழுகாம இருந்தே. அதையும் நான் கெடுக்கோணுமா?”

“அக்ரஹாரத்துல இன்னொருத்தர் வீட்டுலயும் இதே கண்ணு தொங்குதும்மா.”

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. மாரியம்மா சொன்னாள்: “அமாவாசைக்கு அமாவாசை இவன் முன்னாலதான் எலை போடறேன். நீ யாரப்பான்னு கேட்டதில்ல.”

ஸ்வாதி தன் புத்தகங்களைக் கொண்டுவந்து அம்மா முன் பரப்பினாள். இதில் எங்காவது அவன் இருக்கிறானா? மாரியம்மா சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்குவதுபோல் மூன்றையும் தள்ளிவைத்தாள். அடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. அண்ணன் போய், ஸ்டூடியோப் படம் வீட்டுக்கு வராத அந்தப் பத்து நாட்களில், பால்பாயிண்ட் பேனாவால் ஸ்வாதி கிறுக்கியது. யாருக்கும் காட்டக் கூசி, புத்தகங்களுக்கு அடியிலேயே வைத்திருந்தாள். விரல்கள் வாழைப்பழம் மாதிரி, காதுகள் கதவு மாதிரி.

மூன்றாவது பக்கத்தில் மாரியம்மாவின் விரல் நின்றது.

“இதா. கோணக்கண்ணன்.”

சிரிக்கும்போது அண்ணனுக்கு இடக்கண் சின்னதாகிப் போகும். ஸ்வாதிக்கு அது அந்த நொடிவரை மறந்திருந்தது.

“இத்தனையும் கத்துக்கறதுக்கு முன்னால நல்லாத்தான் வரைஞ்சிருக்கே புள்ள,” என்றாள் மாரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பழைய கையோடு வரைய முயன்றாள். வரவில்லை. அன்று தெரியாமல் கோணிய கோடு, இன்று தெரிந்தே கோணியது; கோணலில்கூட ஒரு அழகு வந்து தொலைத்தது. கசக்கிப் போட்ட தாள்கள் கால்மாட்டில் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவன். கடைசியில் பிளேடு எடுத்து, நோட்டிலிருந்த அண்ணனை வெட்டி, அந்த வெள்ளை இடத்தில் ஒட்டினாள். நேர்த்தியான கூட்டத்துக்கு நடுவே, வாழைப்பழ விரல்களோடு, ஒரு கண் இடுங்க, அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு ஓரத்துக் கோட்டுக்காரனை மறைக்க வெள்ளை மையைத் தொட்டாள்.

“அவன எதுக்கு அழிக்கற?” என்று பின்னாலிருந்து மாரியம்மாவின் குரல் வந்தது. “ஒம்போது வருசம் நம்மூட்டுச் சோறு தின்னவன். போற எடம் தெரியாமத்தானே நிக்கறான்.”

ஸ்வாதி பிரஷ்ஷைக் கழுவி வேறு நிறம் தொட்டாள். தோலின் நிறம். அந்தத் திறந்த கண்கள்மேல் மெல்ல இரண்டு இமைகளை இறக்கினாள்.

திங்கட்கிழமை காலை ஜெராக்ஸ் கடையில் கடைசிப் பக்கத்தை சுரேந்தரே கையில் வாங்கிப் பார்த்தான். நடுவில் சிரிப்பவனிடம் அவன் பார்வை நிற்கவில்லை. ஓரத்துக்குப் போய் நின்றது. தலையைத் தூக்கி மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்தான். மறுபடியும் தாளைப் பார்த்தான்.

“மேடம்,” என்றான். “இதுல ஒரு காப்பி நான் எடுத்துக்கட்டுமா? எங்க சின்னண்ணன் இப்படித்தான் இருப்பாரு.”

ஸ்வாதி தலையாட்டினாள். அவன் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியை மெதுவாக மூடினான்.