ஏழு ஷிப்ட் சைக்கிள்

நண்பர்களே, இன்று ஒரகடத்தில் பேட்டரி மலை சைக்கிள் எடுத்தாயிற்று. என்னைப் பார்த்ததுமே கடைக்காரர் எழுந்து நாற்காலி போட்டார்.

"இதுல ஏழு ஷிப்ட் கீது சார்" என்று கியரைக் காட்டினார்.

"எங்க கம்பெனியிலயே மூணு ஷிப்ட்தாம்பா" என்றேன். கடையே சிரித்தது.

கூட வந்த என் மனைவிக்கு மட்டும் பிடிக்கவில்லை. "வாலாஜாபாத் வரைக்கும் மலையே கெடையாது. இது இன்னாத்துக்கு?"

"மேம்பாலம் கீதே" என்று சொல்லி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். பாலத்தில் மோட்டார் தள்ளிய வேகத்தைப் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரியே ஒதுங்கி வழிவிட்டது, நம்புங்கள்.

திரும்பி வந்தால், அவள் சீட்டுக்குப் பின்னால் எதையோ தேடினாள்.

"கேரியர் எங்கய்யா? தெனம் என்னை வல்லம் வடகால்ல வேலைக்கு வுடறேன்னுதானே இட்டுனு வந்த?"

இந்த மாடலுக்குக் கேரியரே வராதாம். எனக்கோ வேறு எந்தச் சைக்கிளும் பிடிக்கவில்லை.

"அப்ப நானே ஓட்டிக்கிறேன்" என்று ஏறினாள். பாலத்துக்குப் போய் வந்தவள் இறங்கவே இல்லை. "இதையே பில் போடுங்க" என்றாள்.

ஆக, தேர்வு என்னுடையதுதான்.

நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு மண்ணூரில் எங்கள் கம்பெனிப் பக்கம் போகிறவர்கள், பைக்கில் பின் சீட் காலியாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.