ஹாகிஸுக்குக் கெட்டிமேளம்

1. பைப்காரர் விழுந்த காலை

அந்தச் சனிக்கிழமை காலை சிவம் அண்ணை எடுத்த போனில் வணக்கம்கூட இருக்கவில்லை.

"குமார், பைப்காரர் ஐஸில சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறிச்சுப்போட்டாராம். பின்னேரம் ஆக்கள் வருகினம். என்ன செய்வம்?"

சிவம் அண்ணை ஸ்காபரோவில் எங்கள் விருந்து மண்டபத்தின் முதலாளி. நான் அங்கே பாங்குவெற் கப்டன். ஹோல் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அது என்ன வேலை என்று கேட்பார்கள். கிச்சினுக்கும் ஹோலுக்கும் நடுவிலுள்ள கதவில் நின்று, எது எப்போது வெளியே போக வேண்டும் என்று சொல்பவன். அவ்வளவுதான். கலியாணம், சாமத்தியச் சடங்கு, ஐம்பதாவது பிறந்தநாள் எல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும். ஸ்கொட்லாந்துக்காரரின் விருந்து அதுதான் முதல் தடவை. அவர்கள் வழக்கமாகக் கூடும் இடத்தில் திருத்த வேலை நடந்ததால் எங்களிடம் வந்திருந்தார்கள்.

அவர்களுடைய மாரிகால விருந்தில் ஹாகிஸ் என்ற ஆட்டிறைச்சிப் பண்டம்தான் மாப்பிள்ளை. சபை எழுந்து நின்று கைதட்ட, முன்னால் ஒருவர் பாக்பைப் என்ற தோற்பைக் குழலை ஊதிக்கொண்டு வர, பின்னால் ஹாகிஸைத் தட்டத்தில் ஏந்தி வர வேண்டும். பைப் இல்லையென்றால் ஹாகிஸ் கிச்சினை விட்டு வெளிக்கிட முடியாது.

"உம்மட மகள் உந்தப் பையை ஊதுறவள் எல்லோ?" என்றார் சிவம் அண்ணை.

நான் பயந்ததும் இந்தக் கேள்விக்குத்தான்.

என் மகள் தாரணி பன்னிரண்டாம் வகுப்பு. கடெற் என்கிற மாணவர் படையின் பாண்டில் பைப் பழகியவள். இலையுதிர் காலத்தில் பாண்டின் மேல்பிரிவுக்குத் தேர்வு வைத்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நின்று பையை நிரப்பினாள். ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அதோடு விரல்கள் விறைத்துவிட்டன. வீட்டுக்கு வந்து பைப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியவள், பிறகு அதைத் திறக்கவேயில்லை. இன்னொரு தடவை சனத்துக்கு முன்னால் அப்படி நடந்தால் அந்தப் பெட்டி இனி ஒருநாளும் வெளியே வராது என்று எனக்குத் தெரியும்.

"அவளுக்கு ஏலாது அண்ணை" என்றேன்.

மாடிப்படியில் தாரணி நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஹூ செட் எனக்கு ஏலாது எண்டு?"

2. ஈரலும் புட்டும்

ஸ்கொட்லாந்துக்காரரின் சங்கச் செயலாளர் மிஸ்டர் கிரெய்க் மத்தியானமே ஹாகிஸ்களோடு வந்துவிட்டார். பெரியது ஒன்று சபைக்கு, சின்னவை மேசைகளுக்கு, ஒன்று எங்களுக்கு ருசி பார்க்க. சாம்பல் நிறத்தில், இரண்டு பக்கமும் கட்டிவைத்த சின்னத் தலையணை மாதிரி இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அந்த மனிதருக்குக் கூச்சம். ஆட்டின் இதயம், ஈரல், கொழுப்பு, பிறகு ஓட்ஸ், வெங்காயம், மிளகு, சுற்றியிருப்பது குடல் தோல் என்று மரண அறிவித்தல் வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். உங்கள் ஆட்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் நானே சூடாக்குகிறேன் என்றும் சொன்னார்.

எங்கள் குசினிக்குப் பொறுப்பான ராசன் என் பக்கம் திரும்பினார். "உதுக்கே இந்தாள் இவ்வளவு யோசிக்குது? எங்கட வீட்டு இரத்த வறையைக் கண்டா மயங்கி விழுந்திடும் போல."

பிரச்சினை ஒன்றும் இல்லையாம் என்று நான் மிஸ்டர் கிரெய்க்குக்கு மொழிபெயர்த்தேன்.

கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும், மெல்லத்தான் சூடாக்க வேண்டும் என்றார் அவர். ராசன் எல்லாவற்றையும் ஃபொயிலில் சுற்றி, இடியப்பம் அவிக்கும் ஸ்ரீமரில் அடுக்கினார்.

ருசி பார்க்காத எதையும் வெளியே அனுப்பக்கூடாது. கதவில் நிற்பவனுக்கு அது சட்டம். எங்களுக்கென்று தந்ததை வெட்டியதும் ஆவியோடு மிளகு மணம் வந்தது. உள்ளே மண்ணிறத்தில், உதிரியாக. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். முதலில் மிளகு. பிறகு ஈரல். அதன் பின்னால் ஓட்ஸ், பல்லில் கடிபட்டு உதிர்ந்தது. இது தெரிந்த சாமான் என்று நாக்குச் சொன்னது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

ராசன் பிடித்துவிட்டார். "ஈரல் கறிக்குள்ள புட்டை உதிர்த்துப்போட்டுக் குழைச்ச மாதிரி இருக்கு. தேங்காய்ப்பூதான் இல்லை."

"உறைப்பும் காணாது" என்றார் சிவம் அண்ணை. அவர் அப்போது மூன்றாவது கரண்டியில் நின்றார்.

என்ன சொல்கிறார்கள் என்று மிஸ்டர் கிரெய்க் கேட்டார். வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கிறதாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஆனாலும் மிச்சத் தட்டைச் சிவம் அண்ணையின் கைக்கு எட்டாமல் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

தாரணி கோட் வைக்கும் அறையில் பைப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு கரண்டி கொண்டுபோய் நீட்டினேன்.

"பிறகு அப்பா. இப்ப என்ன போட்டாலும் திரும்பி வந்திடும்."

முகம் வெளிறிப்போயிருந்தது. "விருப்பமில்லையெண்டா இப்பவும் சொல்லலாம் பிள்ளை" என்றேன்.

"நீங்க சைகை காட்டுங்கோ. நான் தொடங்குறன்."

என்ன சைகை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3. விரல்

சபை நிறைந்துவிட்டது. தாரணி ஹோல் வாசலில் பைப்பைத் தோளில் சாய்த்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிச்சின் கதவில். எனக்குப் பின்னால் ராசன் ஃபொயிலை உரித்து ஹாகிஸை வெள்ளித் தட்டத்தில் வைத்தார். அது உருண்டது. நடுவில் தூக்கி வைத்தார். மற்றப் பக்கம் உருண்டது.

"பொறுங்கோ, பொறுங்கோ. இது நிக்குதில்லை."

ஒரு நிமிடம் பொறு என்று தாரணியைப் பார்த்து ஆள்காட்டி விரலை உயர்த்தினேன். காலையிலிருந்து பதறிக்கொண்டிருந்த கை. மேலே போனதும் விரல் ஆடத் தொடங்கியது.

சபை நடுவில் ஒரு ஆள்காட்டி விரல் நிமிர்ந்து ஆடினால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களில் யாருக்குத் தெரியாது? தாலி கட்டும் நேரம், மணவறைக்குப் பக்கத்தில் நிற்பவர் மேளக்காரரைப் பார்த்து அப்படித்தான் ஆட்டுவார். கெட்டிமேளம். இருக்கிற பலமெல்லாம் சேர்த்து, வேகமாக, இப்பவே. தாரணி கைக்குழந்தையாக இருந்த நாள் தொட்டு இந்த ஹோலில் அதைப் பார்த்து வளர்ந்தவள்.

பையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பைப் முழங்கி ஹோல் அதிர்ந்தது.

கதிரைகள் பின்னால் தள்ளுப்பட, சபை எழுந்து கைதட்டத் தொடங்கியது. இனி நிறுத்த வழியில்லை. ராசன் ஒரு நாப்கினை முறுக்கி, குடத்துக்குச் சும்மாடு செய்வதுபோல வளையமாக்கி, ஹாகிஸை அதில் குந்தவைத்து, தட்டத்தை என் கையில் திணித்தார்.

"ஓடுங்கோ."

ஓடத்தான் வேண்டியிருந்தது. ஆறுதலாக நடக்க வேண்டிய ஊர்வலத்தை அவள் கெட்டிமேளக் காலத்தில் நடத்திக்கொண்டிருந்தாள். கைதட்டலும் அவளுக்கு ஈடாக வேகம் பிடித்தது. கில்ற் பாவாடை கட்டிய கிழவர்கள் காலால் தரையை உதைத்தார்கள். எனக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஹோலின் நடுவில் ஒரு இடத்தில் சத்தம் மெலிந்தது. அவள் முழங்கையை ஒருதரம் இறுக்கினாள். சத்தம் முந்தியதைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. முன்மேசை வரைக்கும் அது பிறகு குறையவேயில்லை.

மிஸ்டர் கிரெய்க், ஹாகிஸை வெட்டுமுன் பாடும் வாழ்த்துப்பாவைத் தொடங்குமுன் சபையைப் பார்த்துச் சொன்னார்: "ஹாகிஸ் என்பது மலையில் ஓடித்திரியும் ஒரு மிருகம் என்று நாங்கள் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லுவோம். அது ஓடியதை இன்றைக்குத்தான் என் கண்ணால் கண்டேன்."

4. பொக்கெற்

தாரணி கிச்சினுக்குள் வந்தபோது முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"அப்பா, யூ டிட் த கெட்டிமேளம் திங். எனக்குப் பயப்பிடக்கூட ரைம் தரேல்லை."

"நான் பொறு எண்டெல்லோ பிள்ளை காட்டினனான்."

அவள் என்னைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். பிறகு அரிசி மூட்டையில் குந்தியிருந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். ராசன் ஒரு தட்டில் ஹாகிஸ் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் வைத்து, கொஞ்சநேரம் மென்று, "சம்பல் இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். கட்டைச் சம்பலோடு தட்டு வெறுமையானது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சைகையை முதலே பேசி வையுங்கள். வேற்றுச் சனத்தின் சாப்பாடு என்றால் முதலில் ஒரு கரண்டி சாப்பிடுங்கள், பிறகு பயப்படுங்கள். பிள்ளைகளுக்கு என்ன ஏலாது என்று போனில் சொல்லுமுன் மாடிப்படியைத் திரும்பிப் பாருங்கள்.

இதை எழுதும்போதும் எனக்கு அந்த மெலிந்த சத்தம் காதில் கேட்கிறது. பைப் பெட்டி இப்போது கட்டிலுக்கு மேலே கிடக்கிறது. வருகிற கிழமை பாண்டின் தேர்வு மறுபடியும். நான் வரலாமா என்று கேட்டேன்.

"வாங்கோ. ஆனா இரண்டு கையும் பொக்கெற்றுக்குள்ள இருக்கோணும்."

ஓம் என்றிருக்கிறேன்.